மோசல் ஆற்றோரம் சைக்கிளில்: மூன்று நாள் போதுமா?

2025 பிப்ரவரி 9, வாசகர் கேள்வி

அக்கா, மே மாதம் நானும் என் கணவரும் ஜெர்மனியில், டிரியரில் தொடங்கி கோப்லென்ஸ் வரை மோசல் ஆற்றோரமாகச் சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறோம். மொத்தமே 200 கிலோமீட்டர் அளவுதான், முழுக்கச் சமதளம் என்கிறார்கள். நாளைக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்று நாளில் முடிந்துவிடும். நீங்கள் ஆறு நாள் வேண்டும் என்கிறீர்கள். எதற்கு அத்தனை நாள்?

2025 பிப்ரவரி 9, இரவு

சமதளம்தான், அதை நான் மறுக்கவில்லை. டிரியரில் ஆற்றுமட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 125 மீட்டர். ரைன் நதியோடு கலக்கிற கோப்லென்ஸ் முனையில் 60 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கு 65 மீட்டர் இறக்கம் என்றால் பெடல் மிதிக்கிற காலுக்குத் தெரியவே தெரியாது. ஆறும் இப்போது பழைய ஆறு இல்லை. பெரிய சரக்குக் கப்பல் போவதற்காக அதை ஆழப்படுத்தி, 1964-இல் வேலையை முடித்தார்கள். டிரியர் முதல் கோப்லென்ஸ் வரை பத்துத் தடுப்பணைகள், ஒவ்வொன்றிலும் கப்பலை ஏற்றி இறக்க ஒரு மதகு. படிப்படியாக அடுக்கி வைத்த ஏரிகள் போலத்தான் ஆறு கிடக்கிறது.

2016-இல் நானும் மூன்று நாளில்தான் முடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன பார்த்தே?" என்றார்கள். பதில் சொல்லத் திணறினேன். தண்ணீர், வழுவழு தார்ப்பாதை, கரை நெடுக நிற்கிற கேரவன்கள், கோக்கெமில் கோட்டை. தலைக்கு மேலே இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம் எழும்பி நின்றது. மூன்று நாளும் அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஒரு தோட்டத்துக்குள்ளும் கால் வைக்கவில்லை. அந்த வருத்தம் ஆறு வருஷம் இருந்தது.

ஆகவே என் கணக்கு இது: ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது ஆற்றை விட்டு மேலே ஏற வேண்டும். ஏறினால் ஒரு நாளில் 70 கிலோமீட்டர் ஓடாது.

டிரியரிலிருந்து கிளம்புவது நல்ல யோசனை. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், முதுகில் தள்ளும்.

2025 பிப்ரவரி 10

ஏன் ஏற வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை என்று தோன்றியது.

இந்தப் பள்ளத்தாக்கில் ஊர் ஒரு கரையில் இருக்கும், அந்த ஊரின் பெயர் பெற்ற தோட்டம் எதிர்க்கரையில் இருக்கும். வேலன் கிராமம் இடக்கரையில். அதன் பெயரால் உலகம் முழுக்க விற்கிற ஒயினுக்கான தோட்டம் வலக்கரைச் சரிவில். அந்தச் சரிவில் பாறையின் மேல் 1842-இல் கட்டிய பெரிய வெயில் கடிகாரம் ஒன்று இருக்கிறது. தோட்டத்துக்குப் பெயரே அதனால்தான். இங்கே விளைகிற ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கிற திராட்சை ரகம், இவ்வளவு வடக்கே அது பழுக்க வேண்டுமென்றால் தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவு வேண்டும். ஆறு வளைய வளைய, வெயில் விழுகிற கரையும் மாறிக்கொண்டே போகும். பாதையிலிருந்து நிமிர்ந்து, எந்தப் பக்கம் கொடி இருக்கிறது, எந்தப் பக்கம் காடு இருக்கிறது என்று பார்த்தாலே திசை புரிந்துவிடும். இரண்டாம் பயணத்தில் என் தங்கை போன் மேப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. எல்லாம் ஸ்லேட் கல், ஏறத்தாழ 40 கோடி வருஷத்துக்கு முந்தைய கடலடிச் சேறு இறுகிக் கல்லானது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கும். ஊர்ட்சிக் பக்கம் அதே கல் செம்மண் நிறத்தில் இருக்கும். மற்ற இடங்களில் சாம்பலும் நீலமும். இதெல்லாம் பாதையில் போகும்போது கண்ணில் படாது. அங்கே தாரும் புல்லும்தான்.

2025 பிப்ரவரி 12

"கால் ஓய்ந்துபோனால் ரயிலில் ஏறிவிடலாமா" என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. வட்டார ரயிலில் வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறில் எப்போதும், சைக்கிளுக்கு டிக்கெட் வேண்டாம்.

2025 பிப்ரவரி 16

இரண்டு திருத்தம்.

முதலில் ரயில். மேலே நான் எழுதியதை நம்பி நீங்கள் பியெஸ்போர்ட்டில் ஸ்டேஷன் தேடி நிற்கக் கூடாது. கோப்லென்ஸ்-டிரியர் ரயில் ஆற்றோடு முழுக்க வருவதில்லை. டிரியரிலிருந்து வந்தால் ஷ்வைஷ் தாண்டியதும் ஆற்றை விட்டு விட்லிஷ் பக்கம் போய்விடுகிறது. மறுபடி ஆற்றைப் பார்ப்பது ப்யூண்டரிஷ் எதிரில்தான். அங்கே மலைச்சரிவை ஒட்டியே 786 மீட்டர் நீளத்துக்கு ஒரு வளைவுப் பாலம் போட்டிருக்கிறார்கள், எதிர்க்கரையில் நின்று பார்க்க அவ்வளவு அழகு. நடுவில் உங்களுக்கு ரயில் வேண்டுமென்றால் ட்ராபன்-ட்ரார்பாக் வரை ஓட்ட வேண்டும். அங்கிருந்து பெரிய ரயில் பாதையில் உள்ள புல்லேக்குக் கிளை ரயில் உண்டு. அதற்கு முன்னால் பஸ்தான். பயணக் காலத்தில் சைக்கிள் டிரெய்லர் மாட்டிய பஸ் ஓடுகிறது, ஆனால் இடம் முன்பதிவு செய்ய வேண்டும். இந்த நடுப்பகுதியிலும் முன்பு ஆற்றோரமாக ஒரு குட்டி ரயில் ஓடியது. ஊர் ஊராக நின்று போன அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர், நம் மொழியில் சொன்னால், 'குடிகார ரயில்'. 1960களில் மூடிவிட்டார்கள். சைக்கிள் பாதையில் சில துண்டுகள் அந்த தண்டவாளம் இருந்த இடத்தில்தான் போகின்றன.

இரண்டாவது காற்று. முதுகில் தள்ளும் என்று எழுதினேன். வரைபடத்தைத் திறந்து பார்த்ததும் கூச்சமாகிவிட்டது. டிரியரிலிருந்து கோப்லென்ஸுக்குப் பறவை போல் பறந்தால் நூறு கிலோமீட்டர் கூட வராது, ஆறு அதைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆக்குகிறது. அவ்வளவு வளைவு. எல்லர் ஊரிலிருந்து கோக்கெமுக்கு ரயில் 4.2 கிலோமீட்டர் சுரங்கத்தில் புகுந்து வந்துவிடும். ஆற்றோடு நாம் போனால் 20 கிலோமீட்டருக்கு மேல். இப்படிச் சுற்றும்போது முதுகில் இருந்த காற்று அரை மணியில் முகத்துக்கு வந்துவிடும். காற்றுக்காகத் திசை தேர்ந்தெடுக்க வேண்டாம்.

2025 மார்ச் 2

பிரேக்.

2016-இன் அந்த மூன்று நாளில் ஆற்றை விட்டு ஏறியது ஒரே ஒரு முறை. லைவன் ஊருக்கு மேலே ஸும்மெட் என்கிற முகடு. தார் ரோட்டிலேயே போகலாம், தோட்டத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. அங்கிருந்து டிரிட்டன்ஹைம் ஊரை ஆறு மூன்று பக்கமும் சுற்றிப் போவதைப் பார்க்கலாம். வாடகை சைக்கிள், பின்னால் இரண்டு பை. ஏறும்போது வெயில். மேலே போய் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை. இறங்கும்போது முதல் வளைவில் பின் பிரேக் 'க்ரீச்' என்று இரும்பு உரசுகிற சத்தம் போட்டது. இரண்டாம் வளைவில் சத்தமும் இல்லை, பிடிப்பும் இல்லை. முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, கடைசியில் ஒரு தோட்டச் சுவரில் பையை உரசித்தான் நின்றேன். குனிந்து பார்த்தால் பிரேக் பேடில் ரப்பரே இல்லை, உள்ளே இருந்த தகடு ரிம்மில் கோடு கிழித்திருந்தது. அடுத்தவர் கொடுத்த வண்டியை ஒரு முறைகூடத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்காமல் எடுத்து வந்தது என் தவறு.

சமதளப் பயணம் என்று நினைத்து யாரும் பிரேக்கைப் பார்ப்பதில்லை. நீங்கள் ஏறப்போகிறீர்கள் என்றால் வண்டி எடுக்கும் இடத்திலேயே நான்கு பேடையும் விரலால் தொட்டுப் பாருங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால் அதையே கேளுங்கள். தோட்டத்துக்குள் போகிற சிமெண்ட் சந்துகளில் உதிர்ந்த ஸ்லேட் சில்லு கிடக்கும், நனைந்தால் சோப்பு மாதிரி. அங்கே இறங்கித் தள்ளுங்கள்.

2025 மார்ச் 3

பஞ்சர் பற்றியும் கேட்டார்கள். ஸ்லேட் சில்லு ஓரம் கூராக இருக்கும். மாற்று டியூப் இரண்டு.

2025 ஏப்ரல் 6

ஒயின் நாட்டில் சைக்கிள், அப்புறம் குடிப்பது எப்போது? மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஜெர்மனியில் சைக்கிளுக்கும் சட்டம் உண்டு. ரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்துக்கு 1.6 இருந்தால் நீங்கள் எவ்வளவு நேராக ஓட்டினாலும் குற்றம். தடுமாறினாலோ விபத்து நடந்தாலோ 0.3-லேயே மாட்டிக்கொள்வீர்கள். காரின் ஓட்டுநர் உரிமம்கூடப் போகலாம்.

சட்டத்தை விடுங்கள். மத்தியானம் ஒரு கிளாஸ் குடித்தால் அதன் பிறகு ஏற மனம் வராது, இதுதான் என் காரணம். நான் பகலில் திராட்சைச் சாறு குடிப்பேன், தோட்டக்காரர்களே பிழிந்து வைத்திருப்பார்கள். ஒயின் சாயங்காலம், சைக்கிளைப் பூட்டிய பிறகு. காபினெட் வகை ரீஸ்லிங் வாங்குங்கள். லேசான இனிப்பு உள்ளதில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான் இருக்கும், அந்தப் புளிப்புக்கு உடம்பு அலுப்பு கரைந்துபோகும்.

எங்கே குடிப்பது என்றால், வாசலில் இலைக்கொத்தோ துடைப்பமோ தொங்குகிற வீட்டில். ஸ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்பார்கள், ஸ்ட்ராவுஸ் என்றால் கொத்து. தோட்டக்காரர் தன் வீட்டு முற்றத்திலேயே வருஷத்தில் நான்கு மாதத்துக்கு மிகாமல் நடத்தலாம், 40 இருக்கைக்கு மேல் போடக் கூடாது, சொந்த ஒயின்தான் ஊற்ற வேண்டும். ஹோட்டலில் சாப்பிடுவதை ஒரு நாளாவது தவிர்த்துவிட்டு இங்கே போங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் மேலே எந்தத் துண்டு அவருடையது என்று கேட்டால், விரலை நீட்டிக் காட்டுவார்.

2025 மே 31

கேள்வி கேட்ட தங்கை போய் வந்துவிட்டார். மூன்று நாள் நான்கு நாளாகியிருக்கிறது! கோக்கெமில் ஒரே கூட்டம் என்று குறைப்பட்டிருக்கிறார். உண்மைதான். அந்தக் கோட்டை 1689-இல் பிரெஞ்சுப் படை தகர்த்தது, 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெர்லின் வியாபாரி வாங்கித் தன் ரசனைப்படி எழுப்பியது. எல்ட்ஸ் கோட்டை இடிபடவே இல்லை. மோசல்கெர்னில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, ஓடையோரக் காட்டுப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். இவர் அதற்கு நேரமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறார். அடுத்த முறை விட்டுவிடாதீர்கள்.

அவர் கேட்ட இன்னொன்று, ஊர்ட்சிக் பக்கத்துப் பெரிய பாலம். ஆமாம், கண்ணை உறுத்தும். 160 மீட்டர் உயரம், 1.7 கிலோமீட்டர் நீளம், 2019 நவம்பரில் திறந்தார்கள். தோட்டக்காரர்களும் ஒயின் பற்றி எழுதுகிறவர்களும் வருஷக்கணக்கில் எதிர்த்தார்கள். மேல் முகட்டில் ரோடு போட்டால் கீழே கொடிக்குப் போகிற நீர் என்னாகும் என்பது அவர்கள் பயம். 2022-இல் முதல் தடவை அதன் அடியில் போகும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. சைக்கிளை நிறுத்தவில்லை.

2025 ஜூன் 1

டிரியருக்கு மேலே, லக்ஸம்பர்க் எல்லைப் பகுதி எப்படி என்று வேறொருவர். பெர்ல், ஷெங்கன் ஊர்கள். 1985 ஜூன் 14 அன்று எல்லைச் சோதனையை நீக்குகிற ஒப்பந்தத்தை ஆற்றில் ஒரு கப்பலில் வைத்துத்தான் கையெழுத்திட்டார்கள். அங்கே கல் மாறுகிறது, சுண்ணாம்பு. சரிவு தணிவு, திராட்சை ரகம் எல்ப்லிங். நல்ல இடம், ஆனால் வேறு கதை.

2025 அக்டோபர் 4

திரும்பி வந்து மூன்று நாளாகிறது. என் தங்கையும் நானும், ஆறு நாள். இந்த முறை அவள் மின் சைக்கிள் எடுத்தாள், எனக்கு முழங்கால் ஒத்துழைக்கும் வரை சாதா சைக்கிள்தான் என்ற பிடிவாதம். இரண்டாம் நாள் பிடிவாதத்தை விட்டேன். பெர்ன்காஸ்டெலில் வண்டியை மாற்றிக்கொண்டேன். மின் சைக்கிளில் போனால் மலையை உணர மாட்டோம் என்று முன்பு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். மூச்சு வாங்காமல் ஏறியதால் நின்று பார்க்கத் தெம்பு இருந்தது. முன்பெல்லாம் மேலே போய்ச் சேர்ந்ததும் கண் இருட்டும், முதல் பத்து நிமிஷம் பார்வை எங்கே போகும்?

அறுவடை நடந்துகொண்டிருந்தது. ப்ரெம் ஊருக்கு எதிர்க்கரையில், இடிந்த மடாலயத்துப் பக்கம் நின்று கால்மொண்ட் மலையைப் பார்த்தோம். செங்குத்தான இடத்தில் 65 பாகை என்கிறார்கள், ஐரோப்பாவிலேயே மிகச் சரிந்த திராட்சைத் தோட்டம் அதுதானாம். ஒற்றைத் தண்டவாளம், பல் வைத்தது, நேராக மேலே போகிறது. அதில் ஆள் உட்காரும் ஒரு சின்ன மோட்டார் வண்டியும் பின்னால் ஒரு தட்டும். பழக்கூடைகள் அதில் இறங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் எறும்பளவு தெரிந்தார்கள். ஆனால் கத்தரிக்கோல் சத்தம் தண்ணீரைத் தாண்டிக் கேட்டது.

அன்று சாயங்காலம் நாங்கள் தங்கிய ஊரில் ஒரு முற்றத்தில் உட்கார்ந்தோம். நடத்தியது ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர். நான் வழக்கம்போல எந்தத் துண்டு உங்களுடையது என்றேன். விரல் நீட்டவில்லை. "நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வா" என்றார்.

போனோம். கொடி ஒவ்வொன்றும் தனிக் கழியில் நிற்கிறது. கம்பி இழுத்த வரிசை கிடையாது. குறுக்கே, மேலே, கீழே, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரலாம். இவ்வளவு சரிவில் கம்பி குறுக்கே வந்தால் ஆள் நகர முடியாதே. ஒரு கழியைப் பிடித்து இலையை விலக்கிக் காட்டினார். போன வருஷக் கிளை இரண்டு, ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் வளைந்து இறங்கி, கீழே கழியோடு கட்டுண்டு, அப்படியே இதய வடிவம். சாறு ஓட்டம் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கவும், குலை காற்றாட இருக்கவும்தான் இந்த வளைப்பு என்றார். முன்பு வில்லோ மர விளாரால் கட்டுவார்களாம். அவர் விரல் நுனியில் ஸ்லேட் தூள் ரேகைக்குள் புகுந்து, கழுவினாலும் போகாத சாம்பல் நிறம்.

காலை ஏழு மணிக்குக் கல் சில்லென்று இருந்தது. வேலை முடித்து அவர்கள் இறங்கிய பிறகு, சாயங்காலம் நாங்கள் மட்டும் மறுபடி ஏறினோம். வெயில் மலைக்குப் பின்னால் போய் அரை மணி இருக்கும். ஸ்வெட்டர் போடுகிற குளிர். குனிந்து ஒரு ஸ்லேட் துண்டை எடுத்தேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் ஆறிக்கொண்டிருக்கிற சூடு. பிப்ரவரியில் நான் படித்ததை எழுதினேன், இப்போது கையால் தொட்டேன்.

2025 அக்டோபர் 5

நேற்று சொல்ல விட்டது. பாட்டியின் துண்டுக்குப் பக்கத்தில் மூன்று படிக்கட்டு வயல்கள் முள்ளும் புதருமாகக் கிடந்தன. கல் சுவர் வயிறு தள்ளி, ஒரு இடத்தில் சரிந்தும்விட்டது. பள்ளத்தாக்கு நெடுக இப்படித் துண்டுகள். 1990களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டப் பரப்பு இப்போது 8,500 அளவில். எந்திரம் ஏறாத இடத்தில் எல்லாம் கைவேலை, சமவெளியை விடப் பல மடங்கு நேரம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார் பாட்டி, புகார்போலச் சொல்லவில்லை. கீழே பாதையில் போகிறவருக்கு அந்தப் புதர் வெறும் பச்சையாகத்தான் தெரியும். 2016-இல் நானும் "எவ்வளவு பசுமை" என்று போட்டோ எடுத்திருக்கிறேன். அந்தப் போட்டோவை நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் கைவிட்ட வயல்.

எங்கள் பையில் ஒரு சேதம். ஃபெடர்வைஸர் என்று, அறுவடை நேரத்தில் மட்டும் கிடைக்கிற, இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கிற புது ஒயின். வாயு வெளியேற மூடியை இறுக்காமல்தான் விற்பார்கள். தங்கை அதைப் பையில் படுக்க வைத்துவிட்டாள். இரண்டு பேர் துணியும் போயிற்று. நிமிர்த்தி வையுங்கள், இல்லையென்றால் வாங்கிய இடத்திலேயே குடித்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள்.

பாலம் பற்றி மே மாதம் எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். இந்த முறை அதன் அடியில் நின்றேன். கோபம் குறையவில்லை. ஆனால் மேலே கொடி வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், தன் மகன் அந்தப் பாலம் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போய்வருகிறான், அதனால்தான் ஊரில் இருக்கிறான் என்றார். நான் இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

2025 அக்டோபர் 19

ஆறு நாளை எப்படிப் பிரித்தோம் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். முதல் நாள் டிரியர்-லைவன், சாயங்காலம் ஸும்மெட். இரண்டாம் நாள் டிரிட்டன்ஹைம், பியெஸ்போர்ட் வழியாகப் பெர்ன்காஸ்டெல். மூன்றாம் நாள் தூரம் மிகக் குறைவு, ட்ராபன்-ட்ரார்பாக் வரைதான், ஏனென்றால் வேலன் வெயில் கடிகாரத்துக்கு ஏறி இறங்கவே காலைப்பொழுது போய்விடும். நான்காம் நாள் ப்யூண்டரிஷ், செல் தாண்டி ப்ரெம் பக்கம். ஐந்தாம் நாளைப் பாட்டிக்காக அங்கேயே கழித்தோம், மதியத்தில் மட்டும் பைல்ஸ்டைன் போய்வந்தோம், படகில் அக்கரையும் போனோம். ஆறாம் நாள் கோக்கெம், மோசல்கெர்ன், எல்ட்ஸ். அதன் பிறகு இருட்டிவிட்டது, கோப்லென்ஸுக்கு ரயில். கடைசி 30 சொச்சம் கிலோமீட்டர் ஓட்டவில்லை. வின்னிங்கன் படிக்கட்டுத் தோட்டங்களை ரயில் ஜன்னலில்கூடப் பார்க்கவில்லை. ஏழு நாள் என்று எழுதியிருக்க வேண்டும்.

2025 அக்டோபர் 20

கொடியை இதயமாக வளைத்துக் கட்டுகிற வேலையை நேரில் பார்க்க முடியுமா என்று கேள்வி கேட்ட தங்கையே மறுபடி எழுதியிருக்கிறார். முடியும். மார்ச் மாதம், ஈரமான நாளாகப் பார்த்துச் செய்வார்கள், காய்ந்த நாளில் வளைத்தால் கிளை படக்கென்று ஒடிந்துவிடும் என்று பாட்டி சொன்னார். "அப்போது வந்தால் கட்டச் சொல்லித் தருகிறேன்" என்றும் சொன்னார். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மழை வேண்டும் என்று நினைத்து நான் சைக்கிள் எடுக்கப்போவது இதுதான் முதல் தடவை. முற்றம் அப்போது திறந்திருக்காது, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நாமே கொண்டுபோக வேண்டும். வருகிறவர்கள் பிப்ரவரிக்குள் சொல்லுங்கள்.